அப்பா போனதுக்கப்புறம் தனியா மலைக்குப் போலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதான். அப்பா தவறி எட்டு மாசம் ஆச்சு, காரியம் எல்லாம் நீங்களே ஓடி ஓடி செஞ்சீங்க, ஆனா இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு அழல. ஆபீஸ்ல பதினோரு நாள் லீவு சேர்ந்திருக்கு, ஒரு பையைத் தூக்கிட்டு தனியா மலைக்குப் போனா மனசுக்கு ஏதாவது தெளிவு கிடைக்குமா, இல்ல இது வெறும் தப்பிச்சு ஓடறதா. கோயம்புத்தூர்லயே வெள்ளியங்கிரி இருக்கும்போது இமயமலை எதுக்கு. அம்மாவ விட்டுட்டுப் போறது தப்பா. சாமி மேல பெரிசா நம்பிக்கை இல்லன்னும் சொல்லியிருந்தீங்க. நான் 2014-லேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது தனியா பையோட நடந்துட்டு வர்றவ, அம்மா போன துக்கத்துல ஆரம்பிச்சதுதான் இதுவும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். ராத்திரி மூணு மணி வரைக்கும் தூக்கம் வரலன்னு எழுதியிருந்தீங்க. துக்கத்துல தூக்கம் போறது சகஜம், ஆனா எதுக்கு இருக்கணும்ங்கற மாதிரி நெனப்பு வருதுன்னா இப்ப தனியா எங்கயும் போகாதீங்க, மொதல்ல டாக்டர்கிட்ட போங்க, 14416-க்கு போன் பண்ணா அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கற மனநல உதவி கிடைக்கும், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. மலை அங்கதான் இருக்கும், அடுத்த வருஷம் போனாலும் அதே மலைதான். அந்த மாதிரி ஒண்ணும் இல்ல, உள்ள ஏதோ அடைச்சுக்கிட்டு இருக்கு அவ்வளவுதான்னா மேல படிங்க.

வெள்ளியங்கிரிய நான் குறைச்சு சொல்ல மாட்டேன், ஏழாவது மலையில விடியக்காலைல நிக்கறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா வனத்துறை பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும்தான் விடுவாங்க, அந்த மாசங்கள்ல ராத்திரி பூரா ஜனம், முன்னாடி ஒரு டார்ச் பின்னாடி ஒரு டார்ச், கூட்டமே உங்கள தூக்கிட்டுப் போயிடும். அதுல ஒரு சுகம் இருக்கு, ஆனா நீங்க கேக்கறது அது இல்ல. முக்கியமா அது ஒரே ராத்திரில முடிஞ்சிடுது. என் அனுபவத்துல தனியா நடக்கறப்ப மொத நாள் பூரா மனசு வீட்டுலயும் ஆபீஸ்லயும்தான் இருக்கும், அந்த மெயிலுக்கு பதில் போட்டோமா, கேஸ் மூடினோமான்னு. ரெண்டாவது நாள் உடம்பு பேச ஆரம்பிக்கும், தோள்பட்டை, முட்டி, குதிகால்ல கொப்பளம், வேற எதுவும் நெனக்க விடாது. மூணாவது நாள்தான் ரெண்டும் ஓயும், ஓஞ்சதும் அடியில கிடக்கறது எழுந்து வரும். அது எப்படி வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா வரும்போது நீங்க நடந்துக்கிட்டு இருக்கணும், பஸ் ஸ்டாண்டுல நிக்கக் கூடாது. அதுக்காகத்தான் நாலஞ்சு நாள் நடை வேணும்னு சொல்றேன், உயரத்துக்காக இல்ல.

அதனால நான் சொல்ற இடம் மத்தியமகேஷ்வர், அங்க உள்ளவங்க மத்மகேஷ்வர்னு சொல்லுவாங்க. உத்தராகண்ட்ல பஞ்ச கேதாரம்னு அஞ்சு சிவன் கோயில் இருக்கு, கேதார்நாத், துங்கநாத், ருத்ரநாத், மத்தியமகேஷ்வர், கல்பேஷ்வர். போர் முடிஞ்சு பாவம் தீர பாண்டவர்கள் சிவன தேடிப் போறாங்க, அவரு பாக்கப் பிடிக்காம எருதா மாறி பூமிக்குள்ள போயிடறாரு, அப்புறம் திமில் கேதார்நாத்லயும் கை துங்கநாத்லயும் முகம் ருத்ரநாத்லயும் சடை கல்பேஷ்வர்லயும் தொப்புள் மத்தியமகேஷ்வர்லயும் வெளிப்பட்டுச்சுன்னு ஐதீகம். சொந்தக்காரங்களக் கொன்ன குத்த உணர்ச்சியோட அஞ்சு பேர் மலை மலையா அலைஞ்ச கதை அது. சாமி நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் அந்தக் கதை புரியும். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாமோன்னு நெனக்காத பிள்ளை யாரு இருக்கா.

கேதார்நாத்ல கூட்டம், ஹெலிகாப்டர் சத்தம், சார்தாம்னு சொல்ற நாலு கோயில் யாத்திரைக்கான பதிவு வேற கட்டாயம். துங்கநாத் அழகு, ஆனா சோப்தாலேர்ந்து ரெண்டு மணி நேரத்துல ஏறிடலாம். ருத்ரநாத் மொத தடவை தனியா போறவங்களுக்கு வேண்டாம், ஏத்தம் ரொம்ப, வழியில தங்கற இடம் கம்மி. மத்தியமகேஷ்வர்தான் இதுக்கு சரியா அமைஞ்சிருக்கு, ரான்சி ஊர்லேர்ந்து கோயில் வரைக்கும் 16-லேர்ந்து 18 கிலோமீட்டர், நடுவுல கௌண்டார், பந்தோலி, கட்டாரா, நானுன்னு சின்னச் சின்ன இடங்கள், ஒவ்வொண்ணுலயும் படுக்க ஒரு ரூமும் சூடா சாப்பாடும் கிடைக்கும். டென்ட் வேண்டாம், ஸ்டவ் வேண்டாம், வழி தப்பறதுக்கும் இடமில்ல, ஒரே கல் பாதை, கோவேறு கழுதைங்க மணிச்சத்தத்தோட போயிட்டு வந்துட்டு இருக்கும். அப்படி இருந்தும் நடுவுல ஒரு மணி நேரம் ஒரு மனுஷ முகம் பாக்காம நடக்கலாம். பாதுகாப்பும் தனிமையும் சேர்ந்து இப்படிக் கிடைக்கற வழி நான் நடந்ததுல வேற இல்ல.

போற வழியே ஒரு விஷயம். நீங்க கோயம்புத்தூர்லேர்ந்து கேரளா எக்ஸ்பிரஸ் பிடிச்சீங்கன்னா டெல்லிக்கு ரெண்டு ராத்திரி, போகும்போது தயவுசெஞ்சு ட்ரெயின்லயே போங்க, திரும்பும்போது வேணா ப்ளைட். டெல்லிலேர்ந்து ரிஷிகேஷ், அங்க ஒரு நாள் சும்மா இருங்க, மறுநாள் விடியக்காலைல நாலு அஞ்சு மணிக்கே மலை பஸ் கிளம்பிடும், ரான்சிக்கு முன்னாடி இருக்கற ஊரான உக்கிமட் போய்ச் சேர ஒரு பகல் ஆகும். வழியில தேவப்பிரயாகை, அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கைன்னு பேர் வாங்கற இடம், பெரியாழ்வார் பாடின திருக்கண்டமென்னும் கடிநகர் அதுதான், பஸ் ஜன்னல்லேர்ந்தே ரெண்டு தண்ணி ரெண்டு நிறத்துல வர்றது தெரியும். ருத்ரபிரயாகை தாண்டி மந்தாகினி ஓரமா திரும்பினா ஒரு ஊர் பேரு அகஸ்தியமுனி, நம்ம அகத்தியரேதான். நான் 2014 அக்டோபர்ல போனப்ப அந்தப் பள்ளத்தாக்கு பூரா 2013 ஜூன் வெள்ளத்தோட காயம் அப்படியே இருந்துச்சு, பாதி வீடு ஆத்துப் பக்கம் தொங்கிட்டு, மாடில மட்டும் துணி காயுது. பக்கத்து சீட் ஆள் ஒவ்வொரு வளைவுலயும் கையக் காட்டி இங்க ஒரு கடை இருந்துச்சு, இங்க ஒரு ஸ்கூல் இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. என் துக்கம் மட்டும்தான் துக்கம்ங்கற நெனப்பு அந்த பஸ்ல கொஞ்சம் கரைஞ்சது.

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்க வீடு திருவையாறு பக்கம். அம்மா தர்மபுரிக்காரங்க, கல்யாணம் ஆகி நெல்லு விளையற ஊருக்கு வந்தும் கேழ்வரக விடல, வாரத்துல ரெண்டு நாள் களியோ அடையோ செய்வாங்க, அப்பா தொடவே மாட்டாரு, எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான். அம்மா போனப்ப நான்தான் மூத்தவ, வந்தவங்களுக்கு காபி, ஐயருக்கு தட்சணை, பந்தல்காரன் கணக்கு, பதினாறாம் நாள் சமையல்னு ஓடிக்கிட்டே இருந்தேன், எல்லாரும் கெட்டிக்காரின்னு சொன்னாங்க, நானும் நின்னு அழல. நாலு மாசம் கழிச்சு மூச்சு முட்டற மாதிரி ஆகி, யார்கிட்டயும் காரணம் சொல்லத் தெரியாம கிளம்பினேன்.

மொத நாள் ரான்சிலேர்ந்து கௌண்டார், சுமார் ஆறு கிலோமீட்டர், பாதி இறக்கம்தான். வழியில புல்லுக்கட்டு தூக்கிட்டு வந்த ஒரு பாட்டி என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "அகேலி?"ன்னு கேட்டாங்க, தனியாவான்னு. ஆமான்னு தலையாட்டினேன். இடுப்பு அரிவாள நகத்திட்டு பக்கத்துல உக்காந்து ஒரு வெள்ளரிப்பிஞ்ச ரெண்டா வெட்டி ஒரு பாதி கொடுத்தாங்க, ஒண்ணும் பேசல, சாப்பிட்டு முடிச்சதும் எழுந்து போயிட்டாங்க. ரெண்டாம் நாள் பந்தோலி, ரெண்டு ஆறு சேர்ற இடம், அங்கேர்ந்து ஏத்தம் ஆரம்பிச்சா கோயில் வரைக்கும் ஏத்தம்தான். கட்டாரா தாண்டறதுக்குள்ள மழை பிடிச்சிடுச்சு, ஷூ பூரா தண்ணி, மூச்சு வாங்குது, எதுக்கு வந்தோம்னு என்மேலயே கோவம் கோவமா வருது. அந்த ராத்திரி நானுல தங்கி காலைல கிளம்பலாம்னு பாத்தா மழை விடல, உக்காந்துட்டேன். அதுதான் மூணாவது நாள். கடைக்கார அம்மா அடுப்படிலயே ஒரு சாக்கப் போட்டு உக்கார வெச்சு, என் சாக்ஸ வாங்கி அடுப்புக்கு மேல கயித்துல தொங்க விட்டுட்டு, மாவு பிசைய ஆரம்பிச்சாங்க. கறுப்பா இருக்கேன்னு பாத்தேன். கையாலயே தட்டி கல்லுல போட்டு, ஒரு ஓரம் வெந்ததும் எடுத்து நேரா தணல்ல காட்டினாங்க. வாசனை வந்துச்சு தம்பி. கேழ்வரகு. அவங்க மண்டுவான்னு சொல்றாங்க, கர்வால்ங்கற அந்த மலைப்பகுதி பூரா அதுதான் ஏழை வீட்டு ரொட்டி, எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நெய் தடவி, ஓரத்துல ஒரு வெல்லக்கட்டி வெச்சு தட்டக் கையில கொடுத்தாங்க, அம்மாவும் அப்படித்தான் வெல்லம் வைப்பாங்க.

எவ்வளவு நேரம் அழுதேன்னு தெரியல. அந்த அம்மாவுக்கு தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை, "மா"ன்னு மட்டும் சொன்னேன், போதும், புரிஞ்சுக்கிட்டாங்க. சமாதானம் எதுவும் சொல்லல, அடுத்த ரொட்டிய தட்டிக்கிட்டே இருந்தாங்க. ரொட்டி ஆறிப் போச்சு, மறுபடி சூடு பண்ணிக் கொடுத்தாங்க.

நாலாம் நாள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சுமார் 3,490 மீட்டர், சுத்தி புல்வெளி, நடுவுல சின்னக் கல்கோயில், உள்ள கறுப்புக் கல்லுல தொப்புள் வடிவ லிங்கம். பூஜை பண்றவங்க கர்நாடகத்துலேர்ந்து வர்ற லிங்காயத்து ஜங்கமர்கள், அவ்வளவு தூரத்துல ஒரு தென்னாட்டு முகம் பாக்கறது ஒரு ஆறுதல். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி மேல பூடா மத்மகேஷ்வர்னு ஒரு மேட்டுக்கு ஏறினேன், ஒரு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும், கல்லு அடுக்கின ஒரு சின்ன சன்னிதி, பக்கத்துல ஒரு குட்டை, 7,138 மீட்டர் சௌகம்பா மலை முழுசா அந்தக் குட்டைல தலைகீழா கிடக்குது. எல்லாரும் போட்டோ போடறது அதைத்தான். உண்மைய சொன்னா அது பேரழகு, ஆனா என் யாத்திரை முந்தாநாள் அந்த அடுப்படிலயே முடிஞ்சிருச்சு, மலை மேல நன்றி சொல்லத்தான் போனேன்.

திருவையாத்துல வளர்ந்த எனக்கு அங்க உக்காந்திருந்தப்ப அப்பர் ஞாபகம் வராம இருக்குமா. வயசான காலத்துல கயிலாயம் பாக்கணும்னு கிளம்பறாரு, காசி தாண்டினதும் கூட வந்தவங்கள விட்டுட்டு தனியா நடக்கறாரு, பாதம் தேயுது, கையால தவழறாரு, அதுவும் தேஞ்சு மார்பால நகர்றாரு, உருண்டுகூட போறாரு. சிவன் முனிவர் வேஷத்துல வந்து இந்த உடம்போட முடியாது திரும்பிப் போன்னு சொல்லியும் கேக்கல. கடைசில இந்தக் குளத்துல முங்கு, திருவையாத்துல கயிலாயத்தக் காட்டறேன்னு குரல் கேக்குது. முங்கி எழுந்தா எங்க ஊர் குளம். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அந்தக் காட்சிய எங்க ஊர்ல பெரிய விழாவா நடத்தறாங்க, சின்ன வயசுலேர்ந்து பாத்திருக்கேன், எதுக்கு அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போயி திருப்பி அனுப்பணும்னு எனக்கு விளங்கினதே இல்ல, நேரா திருவையாத்துலயே காட்டியிருக்கலாமேன்னு தோணும். எங்க வீட்டு டப்பாவுலயும் கேழ்வரகு மாவு இருந்துச்சு தம்பி, அம்மா போனதுலேர்ந்து நாலு மாசமா அதைத் திறக்க என்னால முடியல. தேஞ்சு போகாம அந்தக் குளத்துல முங்க முடியாதுன்னு இப்ப நெனக்கிறேன். தப்பிச்சு ஓடறதான்னு கேட்டீங்களே, அதுக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான்.

இனி நீங்க செய்ய வேண்டியது. மாசம் செப்டம்பர் கடைசி இல்ல அக்டோபர். ஜூலை ஆகஸ்ட் கூடவே கூடாது, 2023 ஆகஸ்ட்ல இதே வழியில ஆத்துப் பாலம் அடிச்சுட்டுப் போயி நூத்துக்கணக்கானவங்க மேல மாட்டிக்கிட்டு, ஹெலிகாப்டரெல்லாம் வெச்சு இறக்கினாங்க. நவம்பர்ல கோயில் நடை சாத்தி உற்சவர உக்கிமட் ஓம்காரேஷ்வர் கோயிலுக்கு இறக்கிடுவாங்க. லீவு பதினோரு நாள்னா சனி ஞாயிறு ஒட்டி பதிமூணா ஆக்கிக்கோங்க, மலை ரோட்டுல ஒரு இடம் சரிஞ்சா ஒரு நாள் போயிடும், அந்த ஒரு நாள் கையில இல்லன்னா வழி பூரா பதட்டமாவே இருக்கும்.

ஒரே நாள்ல ரான்சிலேர்ந்து கோயிலுக்கு ஓடிடறவங்க இருக்காங்க, நீங்க அத செய்யாதீங்க. 3,000 மீட்டருக்கு மேல ராத்திரி படுக்கற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாதுங்கறது பொதுவான விதி, கௌண்டார்ல ஒரு ராத்திரி, நானுல ஒரு ராத்திரின்னு ஏறினா உடம்பு பழகிக்கும். தலைவலியோட வாந்தி வர்ற மாதிரி இருந்தா அங்கயே நில்லுங்க, குறையலன்னா இறங்கிடுங்க, கோயில் அரை மணி நேரத்துல இருந்தாலும் இறங்கிடுங்க. பை 40 லிட்டர் போதும், தண்ணியோட சேர்த்து பத்து கிலோ தாண்ட வேண்டாம். மழைக்கோட்டு, ரெண்டு செட் துணி, கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி, டார்ச், கொப்பளத்துக்கு ஒட்டற டேப். காசு உக்கிமட்லயே எடுத்துக்கோங்க, மேல ஏடிஎம் கிடையாது.

போன எடுத்துட்டுப் போங்க, ஆனா ரான்சி தாண்டினா ஆஃப் பண்ணிடுங்க, சிக்னல் எப்படியும் அநேகமா இருக்காது, போட்டோவுக்குன்னு கையில வெச்சுக்கிட்டா கண்ணு பாக்கறத விட்டுடும். இயர்போன் வேண்டாம், பக்திப் பாட்டுகூட வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, பேனா. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மூணு வரி, அன்னிக்குப் பாத்தது மட்டும், என்ன உணர்ந்தேன்னு எழுத வேண்டாம், புல்லுக்கட்டுப் பாட்டி, ஈர சாக்ஸ், அந்த மாதிரி. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் நடை முடிஞ்சிடும், இருட்ட ரெண்டு மணி நேரம் இருக்கும், தனியா போறவங்க பயப்படறது அந்த ரெண்டு மணி நேரத்துக்குத்தான், செய்ய ஒண்ணும் இருக்காது, பேச ஆள் இருக்காது. அதை எதையாவது போட்டு நெரப்பாதீங்க. வெளில ஒரு கல்லுல உக்காருங்க. தியானம் பண்ணத் தெரியலன்னா பரவால்ல, உக்காந்தா போதும். அழுகை வந்தா வரட்டும், வராமலே திரும்பினாலும் நீங்க எதையும் தப்பா செஞ்சதா அர்த்தம் இல்ல, என் தோழி ஒருத்தி போயிட்டு வந்து மூணு வாரம் கழிச்சு பஸ்ல டிக்கெட் எடுக்கும்போது அழுதா.

அம்மா விஷயம். சொல்லாம போறது மட்டும்தான் தப்பு. எந்தத் தேதி எந்த ஊர்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்டு ப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போங்க, இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் போன் வராதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இறங்கினதும் மொத போன் அம்மாவுக்கு. அந்த நாலு நாளும் சித்தியோ அத்தையோ யாராவது கூட வந்து தங்கட்டும். உங்க துக்கத்துக்கு மலை வேணும்னு தோணுது, அம்மாவோட துக்கம் அந்த வீட்டுக்குள்ளயேதான் நடக்குது, அவங்களுக்கும் யாரும் இல்லாத கொஞ்ச நேரம் தேவையா இருக்கலாம், கேட்டுப் பாருங்க, நாம கேக்கறதே இல்ல.

நான் திரும்பி வரும்போது ரான்சில ஒரு வீட்டுல அரை கிலோ மண்டுவா மாவு வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த மறுநாள் அடை தட்டினேன். அப்பா கூடத்துல பேப்பர் படிச்சிட்டு இருந்தவரு வாசனைக்கு எழுந்து வந்து அடுப்படி வாசல்ல நின்னாரு, முப்பத்தஞ்சு வருஷமா தொடாதவரு, ஒரு தட்டு எடுத்து நீட்டினாரு. வெல்லம் எங்கன்னு கேட்டாரு.

ட்ரெயின் டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்கும், அக்டோபர் முதல் வாரம்னா ஆகஸ்ட் ஆரம்பத்துலயே காலைல எட்டு மணிக்கு ரெடியா உக்காந்துடுங்க, பூஜை லீவு சமயம், சீக்கிரம் போயிடும்.